செவ்வகக் குழாய்க்குச் சந்தனக் காப்பு

மில்லிமீட்டர் அலைகளின் உலக வரலாற்றில் சங்கரன்கோவிலுக்கென்று தனி இடம் உண்டு. அந்த இடம் ராஜபாளையம் சாலையில், ஒரு பொறியியல் கல்லூரியின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. அங்கேதான் அந்தச் செவ்வக அலைவழிக் குழாய் எழுந்தருளியிருந்தது.

சுண்டுவிரல்கூட நுழையாத பித்தளைக் குழாய். ஒரு முனையில் நுண்ணிய ரேடியோ அலையைச் செலுத்தினால் மறுமுனையில் மீட்டரின் முள் எழும்பும். உள்ளே ஒன்றுமே இல்லாமல் இருப்பதுதான் அதன் முழுத் தகுதி. நிர்வாகத்துக்கு அதன்மேல் அத்தனை பாசம் ஏற்பட்டதில் வியப்பில்லை.

ஆயுத பூஜையன்று முதல்வர் நாறும்பூநாதன் தம் திருக்கரத்தாலேயே அதற்குப் பொட்டிட்டார். நெற்றி எது, வாய் எது என்று தெரியாத குறையைத் தாராள மனத்தால் ஈடுகட்டினார். சந்தனம் உள்ளே போய்க் காய்ந்தது. முள் படுத்துவிட்டது.

அடுத்த வாரம் ஆய்வுக் குழு வருகிறது. முள் எழாவிட்டால் ஆய்வகத்துக்கு ‘அங்கீகாரம்’ இல்லை. அதன் பொறுப்பாளரான விரிவுரையாளர் மீனலோசினிக்கு வேலையும் இல்லை. முதல்வரிடம் ஓடினாள்.

“சார், குழாய் வாயில சந்தனம் அடைச்சிருக்கு. எடுக்கணும்.”

“ஏம்மா, சாமிக்கு வச்ச சந்தனத்தச் சுரண்டவா சொல்லுத?”

“அலை உள்ள போகாது சார்.”

“போகாட்டா என்ன? நாம என்ன அத ஓட்டவா வாங்கிருக்கோம்?”

இந்தத் தொலைநோக்கின்படி குழாய் கண்ணாடிப் பெட்டிக்குள் போயிற்று. சாவி முதல்வரின் பைக்குள் போயிற்று.

குழு வந்தது. பெட்டி திறந்தது. அலையைச் செலுத்தியும் முள் அசையவில்லை.

“ரொம்ப அமைதியான மாடல்,” என்று முதல்வர் விளக்கினார்.

குழுத் தலைவர் பாஜிலா, மீனலோசினியைப் பார்த்தார். “என்னம்மா இது?”

“சந்தனம் மேடம். ரெண்டு நிமிஷம் குடுங்க.”

கைப்பையில் ஒரு வாரமாகத் தயாராக வைத்திருந்த ஈர்க்குச்சியை எடுத்தாள். பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, குழாயின் உள்ளே பக்குவமாகத் துடைத்தாள். முள் விருட்டென்று எழுந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கீகாரம் அங்கேயே கையெழுத்தாயிற்று.

மாலையில் பாராட்டுக் கூட்டம். முதல்வருக்குப் பொன்னாடை. மீனலோசினிக்கு ஒரு கவர். பதவி உயர்வாக இருக்கும் என்று ஆசையாகப் பிரித்தாள்.

“பொருள்: விளக்கம் கோருதல். கருவியில் எங்கே, என்ன பழுது என்பது இக்கல்லூரியில் தங்கள் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கிறது. ஆகவே அப்பழுதைச் செய்தவர் தாங்களே என ஏன் கருதக்கூடாது?”