பச்சைக்கு வராத மீட்டர்

காரின் டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைவிட அதிகமாக எரிந்துகொண்டிருந்தார் ஜெயினுலாப்தீன்.

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர் அவர். பழைய கார் ஒன்றை வாங்கி, பெட்ரோல் சிக்கனமாகப் போகிறதா வீணாகப் போகிறதா என்று காட்டும் மீட்டர் ஒன்றையும் அதில் மாட்டியிருந்தார். சிக்கனம் என்றால் பச்சை விளக்கு, வீண் என்றால் சிவப்பு. மாட்டிக் கொடுத்தவன் கார் எலக்ட்ரீஷியன் அப்துல் வாஹித். ஊர்க்காரன் என்பதால் அவனை உரிமையோடு திட்டலாம்.

"நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டியில நீ கைய வெச்ச, லைட்டு எரியுது. என்னல பண்ணுன?"

வாஹித் பொறுமையாக விளக்கினான். புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் கூடவா குறைவா என்று என்ஜினுக்குச் சொல்வது அதன் வேலை. அந்த ஒயரில்தான் மீட்டருக்குக் கிளை எடுத்திருக்கிறது. சிக்னல் கொஞ்சம் பிசகியதால் லைட் எரிகிறது. மீட்டரைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும்.

கழற்றுகிற பேச்சே ஜெயினுலாப்தீனுக்குப் பிடிக்காது. மீட்டரும் ஓட வேண்டும், லைட்டும் எரியக் கூடாது என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் எழுந்து வந்து பார்க்கும்படி கத்தினார். வாஹித் அவசர அவசரமாக வண்டிக்குள் தலையை நுழைத்தான். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் லைட் அணைந்தது. மீட்டரின் குட்டி விளக்குகள் முன்னைவிட ஜோராக ஏறி இறங்கின.

சத்தம் போட்டால்தான் பம்பாயில் காரியம் நடக்கும் என்று அன்று மனைவி ராபியாவிடம் பெருமையடித்துக்கொண்டார்.

மறுநாள் உல்லாஸ்நகருக்குச் சரக்குக் கொண்டுபோனார். பாட்டில்லாமல் வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத மனிதர். பழைய இந்திப் பாட்டுகளைத் தாலாட்டு மாதிரி ஓடவிட்டுக்கொண்டு போனார். போகும்போதும் வரும்போதும் மீட்டர் பச்சையைத் தாண்டவில்லை. சொந்தமாகச் சம்பாதித்த பச்சை என்று நெஞ்சு நிறைந்தது.

வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு விக்ரோலிக்கு விருந்துக்குக் கிளம்பியபோதுதான் வினை வந்தது. நிச்சயதார்த்தம் நெருங்கிய குஷியில் மகள் சஃப்ரீன் தன் போனிலிருந்து கார் ஸ்பீக்கரில் கல்யாணப் பாட்டாகப் போட்டுக்கொண்டு வந்தாள். சயான் தாண்டுவதற்குள் மீட்டர் சிவப்புக்கு ஏறிவிட்டது.

ஜெயினுலாப்தீன் ஏசியை நிறுத்தி ஜன்னல்களை இறக்கச் சொன்னார். தெருச் சத்தத்தில் பாட்டுக் கேட்கவில்லை என்று சஃப்ரீன் கொஞ்சம் கூட்டி வைத்தாள். சிவப்பு அசையாமல் நின்றது.

பாரம்தான் காரணம் என்று முடிவுசெய்து ராபியாவைப் பார்த்தார். ராபியாவும் அவரைப் பார்த்தாள். உடனே அந்த யோசனையைக் கைவிட்டு, குர்லாவில் தெரிந்தவர் கடை வாசலில் ஸ்டெப்னி டயரை இறக்கி வைத்தார். விக்ரோலி எட்டுவதற்குள் டயர் பஞ்சரானது. பஞ்சர் ஒட்டி முடிக்கும்வரை ராபியா பட்டுப் புடவையோடு வெயிலில் அவரை முறைத்துக்கொண்டு நின்றாள். அது அவருக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மிச்சமிருந்தது பெட்ரோல். உல்லாஸ்நகர் போய்வந்த பிறகு அதைப் போட்டது செம்பூரில், மைதீன் பிச்சை சூப்பர்வைசராக இருக்கும் பம்பில். சஃப்ரீனுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை அர்பாஸின் வாப்பா அவர். சம்மந்தி என்ற மரியாதைக்காகவே அங்கே போய் டேங்கை நிரப்பியிருந்தார்.

"கலப்படக்காரன் வீட்டுக்கு எம்புள்ளையக் குடுக்க முடியாது," என்றார்.

சஃப்ரீன் போனை மடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அர்பாஸை ரொம்பவே பிடித்திருந்தது. ராபியா தடுத்துப் பார்த்தாள். விருந்தை விட்டுவிட்டு வண்டி நேராகச் செம்பூருக்குப் போனது.

மைதீன் பிச்சை அதிர்ந்து பேசாத மனிதர். வாங்க சம்மந்தி என்று வரவேற்று, குற்றச்சாட்டைக் கேட்டு முகம் வாடினாலும், சோதனைக் காகிதம் எடுத்துவந்து பெட்ரோலைச் சொட்டவிட்டுக் காட்டினார். கறையே இல்லாமல் காய்ந்துபோனது. காகிதத்தை நம்ப மாட்டேன், மீட்டரைத்தான் நம்புவேன் என்று ஜெயினுலாப்தீன் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு பம்பைச் சுற்றினார்.

பேசுவதற்காகக் குறைத்து வைத்திருந்த பாட்டு மெல்ல ஓட, முதலில் பச்சைதான் எரிந்தது. பின்சீட்டில் சஃப்ரீன் விசும்புவதைக் கேட்க மைதீன் பிச்சைக்குச் சங்கடமாக இருந்தது. கையை நீட்டிப் பாட்டைக் கூட்டினார். மீட்டர் முழுக்கச் சிவந்தது.

"பாத்தியளா? இதுக்கு என்ன சொல்லுதிய?"

வண்டியை நிறுத்தச் சொல்லி மைதீன் பிச்சை இறங்கினார்.

"இத்தன வருசத்துல இந்தப் பம்புல ஒருத்தரும் என்னைய இப்படிப் பேசுனதில்ல. அந்த மீட்டர மாட்டுனவன் வந்து பெட்ரோல்தான் கொறன்னு சொல்லட்டும், நான் வேலைய விட்டுருதேன். இல்லைன்னா இந்தச் சம்மந்தம் வேண்டாம்."

ராபியா போன் போட்டாள். வாஹித் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தான். பம்பு ஆட்கள், வரிசையில் நின்ற ஆட்டோக்காரர்கள் என்று ஒரு கூட்டமே கூடியிருந்தது.

"சொல்லுல, இவ்வளவு பேருக்கும் கேக்குற மாதிரி சொல்லு," என்றார் ஜெயினுலாப்தீன். "இந்த மீட்டர் பொய் சொல்லுமா?"

வாஹித் காருக்குள் ஓடிக்கொண்டிருந்த பாட்டைக் கேட்டான். செக்கச்செவேலென்று துள்ளிக்கொண்டிருந்த விளக்குகளைப் பார்த்தான். மெல்ல நகர்ந்து மைதீன் பிச்சையின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

"அன்னைக்கி நீங்க போட்ட சத்தத்துல பயந்துபோயி, சென்சார்லேருந்து புடுங்கி ஸ்பீக்கர் ஒயர்ல குடுத்துட்டேன் மாமா. சத்தத்தக் கொறைங்க, பச்சைக்கி வந்திரும்."