ஒன்றரை அடி பலாக்கட்டை

குள்ளமாகப் பிறந்தவனுக்கு உலகத்தில் உள்ள எல்லா வாசலும் உயரமான வாசல்தான். இந்த உண்மை எனக்கு இருபது வயதில் உறைத்திருந்தால், எங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளின் நெற்றி வீங்காமல் தப்பித்திருக்கும்.

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். (நல்ல வேளை, ரேஷன் கார்டில் உயரம் போடுவதில்லை.) நான் அம்மா ஜாடை. அப்பா ஆறடி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். மில்லில் பேர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, 'நெட்டை ஃபிட்டர்' என்றால் வாட்ச்மேன்கூட வழி காட்டுவார். மில்லுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. ஏதோ மிஷின் அடித்தது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கிருஷ்ணன்கோவில் போகிற ரோட்டை ஒட்டி அப்பா மூன்று சென்ட் இடம் வாங்கிப் போட்டிருந்தார். வீடு கட்டுவதற்கு எட்டு வருஷம் முன்னாடியே அந்த வீட்டுக்கு வாசல் நிலை மட்டும் வந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய பெரிய வீட்டை இடித்தபோது, அதன் தலைவாசல் நிலையை விலை பேசித் தூக்கிவந்துவிட்டார். மஞ்சள் மஞ்சேலென்று பலாமரம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நிலைக்கால், ஒவ்வொன்றும் ஏழடி. மேலே ஒரு கட்டை, கீழே வாசப்படி. நாலையும் சேர்த்துச் சாக்கில் சுற்றி, லைன் வீட்டுக்குப் பின்னால் தகரத்துக்கு அடியில் படுக்கவைத்திருந்தார். வருஷம் ஒரு தடவை சாக்கைப் பிரித்து வேப்பெண்ணெய் தடவுவார். எனக்குக்கூட தீபாவளிக்குத்தான் எண்ணெய் வைத்தார்கள், அதுவும் அம்மா கட்டாயத்தில்.

நான் அப்போது கிருஷ்ணன்கோவிலில் என்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். கூடப் படித்த ஸ்ரீவில்லிபுத்தூர் செல்வின் ஒரு பாட்டுக்குழு வைத்திருந்தான். கிடார், கீபோர்டு, டிரம்ஸ், பாட ஒரு பையன், எல்லாம் நிறைந்துவிட்டது. காலியாக இருந்தது பேஸ் கிடார் மட்டும்தான்.

"நாலே கம்பிதான். நீ நின்னாலே போதும். ஆனா கிடாரை நீதான் கொண்டாரணும்" என்றான் செல்வின்.

வாங்க வழியில்லை. செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் எங்கள் லைன் வீடுகள் மொத்தத்தையும் உள்ளே வைக்கலாம் என்கிற அளவுக்குப் பெரிய பட்டறை ஒன்றில் நின்றுகொண்டு பேஸ் கிடார் செய்து காட்டினார். அவரிடம் பதினாறு மிஷின் இருந்தது. என்னிடம் ஒரு ரம்பமும் ஒரு உளியும் நிறைய தன்னம்பிக்கையும் இருந்தன. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: மரம் பல வருஷம் காய்ந்ததாக இருக்கவேண்டும்.

எட்டு வருஷமாகத் தகரத்துக்கு அடியில் காய்ந்துகொண்டிருந்த மரம் என் நினைவுக்கு வந்தது. அதிலும் பலா. வீணை செய்கிற மரம்! சரஸ்வதியே கை காட்டிவிட்ட மாதிரி இருந்தது.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு அறுக்கவில்லை. என்ஜினீயரிங் மாணவன் அல்லவா, முறைப்படி கணக்குப் போட்டேன். ஒரு வீட்டு வாசல் எவ்வளவு உயரம் இருக்கவேண்டும்? எங்கள் வாடகை வீட்டு வாசலையே அளந்தேன். சரியாக ஐந்தரை அடி. நான் எத்தனை வருஷமாக அதில் போய்வருகிறேன், ஒரு நாளாவது இடித்ததா? இல்லை. ஆகவே நிலைக்கால் ஏழடி என்பது ஒன்றரை அடி அதிகம். ஆசாரி எப்படியும் அறுத்து வீசப்போகிற துண்டு. நான் முன்கூட்டியே அறுத்தால் அவருக்கு வேலை மிச்சம்.

அப்பா பகல் ஷிப்ட் போயிருந்த ஒரு நாளில் ஒரு நிலைக்காலில் மட்டும் ஒன்றரை அடி அறுத்தேன். நான்கு கட்டைகளையும் பழையபடி சாக்கில் சுற்றிக் கட்டினேன்.

அந்தத் துண்டை மரக்கடையில் கொடுத்து நீளவாக்கில் இரண்டு பலகையாக அறுத்து வாங்கினேன். கழுத்துக்கு செல்வின் வீட்டுப் பழைய கட்டில் சட்டம். சட்டத்தை நடுவில் வைத்து, பலகைகளை இரண்டு பக்கமும் பசை போட்டு ஒட்டி, இரண்டு நாள் அவன் வீட்டு அம்மியையும் குழவியையும் மேலே ஏற்றி வைத்தோம். பிறகு செதுக்கினேன். வெள்ளைக்காரர் செய்தது ஒரு அழகான பெண் சாய்ந்து நிற்பதுபோல இருந்தது. என்னுடையது கடித்து வைத்த சப்போட்டா மாதிரி வந்தது.

கழுத்தில் சுரத்துக்கு ஒன்றாகக் கம்பிக்கட்டைகள் பதிக்கவேண்டும். அந்த இடைவெளி மயிரிழை பிசகினாலும் சுருதி போய்விடும். நான் அளந்தது அம்மா நைட்டி தைக்கிற டேப்பை வைத்து. அதன் முன்பாதி ஊரில் உள்ள இடுப்பை எல்லாம் அளந்து அளந்து நீண்டுபோயிருந்தது, பின்பாதி புதுசு மாதிரி. 'ச' வாசித்தால் அது 'ச'வுக்குப் பக்கத்து ஊரில் போய் இறங்கியது. இருபது வெட்டில் பதினேழை மரத்தூளும் பசையும் போட்டு அடைத்துவிட்டு, இரும்பு ஸ்கேல் வைத்து மறுபடி வெட்டினேன்.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக்க, காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக்கம்பி சுற்றவேண்டும். மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்த ராஜு அண்ணனிடம் போனேன்.

"எம்புட்டு சுத்து?" என்றார்.

"ஏழாயிரம்ணே."

"ஏழாயிரமா! எத்தனை ஹெச்.பி. மோட்டாருடா இது? தண்ணி எத்தனை அடியில கெடக்கு?"

"தண்ணி இல்லண்ணே. பாட்டு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்து மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஆனாலும் சுற்றிக் கொடுத்தார். கிணற்று மோட்டாருக்குப் போடுகிற வார்னிஷில் முக்கி எடுத்து, "இனி மழையில நனைஞ்சாலும் எரியாது" என்று உத்தரவாதமும் கொடுத்தார். கம்பியையும் முறுக்காணிகளையும் செல்வின் மதுரையிலிருந்து வாங்கி வந்தான். கிடாரை அவன் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். அவனுடைய ஸ்பீக்கரில் மாட்டி வாசித்தால் 'டோம்' என்று ஒரு சத்தம் வந்தது, கூடவே 'கொர்ர்' என்று ஒன்றும் வந்தது. அந்த 'டோம்' கேட்ட அன்றைக்கு நான் சைக்கிளில் ஊர் முழுக்கச் சுற்றினேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்த ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் நிலை வைக்க நாள் குறித்தார்கள். காலை ஆறு மணியிலிருந்து ஏழரைக்குள். அதை விட்டால் ஆடி, ஒன்றும் செய்யக்கூடாது. பழைய நிலைதானே, நாலு முளை அடித்தால் நின்றுவிடும், காலையிலேயே வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று ஆசாரியும் சொல்லிவிட்டார். சாக்கு மூட்டையை முதல் நாள் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கியவனே நான்தான்.

சுந்தரபாண்டியத்திலிருந்து முத்துலட்சுமி அத்தை மாலையும் நவதானியமும் பாலுமாக விடியும் முன்பே வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா. அவள் பேசினால் மலையடிச் செண்பகத்தோப்புக் காட்டில் மரத்தில் இருக்கிற அணில் இறங்கி ஓடும். அப்பா வேட்டி சட்டையில் நின்றார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆசாரி சாக்கைப் பிரித்தார். இரண்டு நிலைக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தார். ஒன்றைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார்.

"ஃபிட்டரே, இது என்ன, ஒரு காலு நொண்டியா இருக்கு?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஆசாரி அறுத்த இடத்தைத் தடவினார். "புது அறுப்பு. யாரு அறுத்தாலும் நேரா அறுத்திருக்கான்" என்றார். அந்த இக்கட்டிலும் எனக்கு அதைக் கேட்டு ஒரு நொடி பெருமையாக இருந்தது. (எனக்குக் கிடைத்த ஒரே தொழில்முறைப் பாராட்டு அதுதான்.) அந்த ஒரு நொடி என் முகத்தை அப்பா பார்த்துவிட்டார்.

"ஏலே. மிச்சத் துண்டு எங்க?"

"செல்வின் வீட்டுல இருக்குப்பா."

"போயி எடுத்துட்டு வா."

"அது... இப்ப துண்டா இல்லப்பா. கிடாரா இருக்கு."

"என்னவா இருக்கு?"

சைக்கிளில் பறந்துபோய் எடுத்துவந்தேன். ஆசாரி பேஸ் கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டினார். மோந்து பார்த்தார், வார்னிஷ் வாசனைக்குத் தும்மினார். "இதை என்ன செஞ்சாலும் நிலைக்கால் ஆக்க முடியாது. துண்டாவே கெடந்தாலும் ஒட்ட முடியாது. ஒட்டுப்போட்ட நிலை வீட்டுக்கு ஆகாது" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஒரே வழிதான். நல்ல காலையும் இதே அளவுக்கு அறுக்கணும். செத்த நேரத்துல முடிச்சிருதேன். சொல்லுங்க" என்றார்.

அப்பா அறுபட்ட நிலைக்காலைத் தூக்கித் தன் பக்கத்தில் நிறுத்தினார். அது அவர் கண்ணுக்கு நேராக நின்றது.

"லைன் வீட்டு வாசலும் இம்புட்டுத்தான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. புருவத்துத் தழும்பு மிஷின் அடித்தது இல்லை. எட்டு வருஷம் அவர் எண்ணெய் தடவியது மரத்துக்கு இல்லை. ஷிப்ட் முடிந்து ஒரு நாளாவது நிமிர்ந்தபடி சொந்த வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்றுதான் அந்த மனிதர் வாசலை முதலில் வாங்கி, வீட்டைப் பிறகு கட்டினார். நான் அந்த ஒன்றரை அடியைச் சப்போட்டா ஆக்கிவிட்டேன். ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் போய் அழுதேன்.

"அறுங்க" என்று அப்பா சொன்னது அங்கே கேட்டது.

அழுகையை அத்தை முடித்துவைத்தாள். அறுத்து, செதுக்கி, நிலையைக் கூட்டி, ஐந்து சுமங்கலிகள் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற நேரம். அத்தை சுற்றும் முற்றும் பார்த்தாள், கண் கிடாரில் போய் நின்றது.

"நிலையில ஒரு துண்டு இதுல இருக்குல்ல? அதை மட்டும் மூளியா விட்டா குடும்பத்துக்கு ஆகுமா? ஏட்டி, இதுக்கும் வைங்க!"

"அத்தை, அதுல கரண்டு சமாச்சாரம்..."

"நீ வாயை மூடு. அறுக்கும்போது யாரைக் கேட்ட?"

ஐந்து பேரும் பேஸ் கிடாருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை மஞ்சள் பூசினார்கள். முறுக்காணிக்கு ஒன்றாக நாலு குங்குமப் பொட்டு. கழுத்தில் மாவிலைத் தோரணம். நிலைக்குப் பால் ஊற்றியபோது இதற்கும் ஒரு கரண்டி ஊற்றினாள் அத்தை. பால் நேராக ராஜு அண்ணனின் ஏழாயிரம் சுற்றுக்குள் இறங்கியது.

மூன்று வாரம் அப்பா என்னிடம் பேசவில்லை. அந்த மூன்று வாரமும் கிடாரும் ஸ்பீக்கரும் லைன் வீட்டில் இருந்தன. 'டோம்' குறைந்து 'கொர்ர்' கூடிவிட்டது. ஒரு சாயங்காலம் வாசித்துக்கொண்டிருந்தபோது அப்பா குனிந்து உள்ளே வந்தார். நின்றார். முகம் மாறியது.

"என்னலே அது, பேரிங் போன சத்தம்?"

ஒரு ஃபிட்டரால் மகனோடு பேசாமல் இருக்க முடியும். கொரகொர என்று ஒரு சத்தம் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. திருப்புளியை எடுத்தார். மில்லில் மிஷின்மேல் வைத்துக் கேட்பதுபோல முனையைக் கிடாரில் வைத்து, பிடியைக் காதில் வைத்தார். "அடி" என்றார். அடித்தேன். இடம் மாற்றி வைத்தார். "இன்னொருக்க."

"இதுக்கு எர்த் எங்க?"

"எர்த்தா?"

"என்ஜினீயரிங் படிக்கானாம்!" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கம்பிகள் போய் முடிகிற இரும்புத் தகட்டிலிருந்து ஒரு ஒயர் இழுத்து எர்த் கொடுத்தார். கொர்ர் நின்றுவிட்டது. பிறகு அரத்தை எடுத்துப் பதினேழு இடத்தில் தூக்கிக்கொண்டிருந்த கம்பிக்கட்டைகளை ராவினார். உறைந்துபோன பாலைச் சுரண்டினார். மஞ்சளை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கல்லூரி விழாவில் இரண்டு பாட்டுக்கு வாசித்தேன். பேஸ் கேட்கவே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா, "எனக்குக் கேட்டுச்சு. நாற்காலியில கை வச்சிருந்தேன்" என்றார். அதற்கு மேல் ஒரு கலைஞனுக்கு என்ன வேண்டும்?

வீடு கட்டி முடித்தபோது நிலைக்கு மேலே சுவரில் ஒன்றரை அடி இடம் வெறுமையாக இருந்தது. அப்பாவே இரண்டு ஆணி அடித்து, கிடாரைப் படுக்கைவாட்டில் அங்கே மாட்டினார். "அது எடம் அதுதான்" என்றார். அதில் யாரும் எதிர்பாராத ஒரு விஷயம் நடந்தது. வருகிறவர்கள் மேல்கட்டையில் 'ணங்' என்று இடித்தால் மேலே கிடார் 'டோம்ம்' என்று அதிரும். காலிங்பெல் எங்களுக்குத் தேவைப்படவே இல்லை. அப்பா உள்ளே டிவி பார்த்துக்கொண்டே, "சம்பந்தி வாராரு" என்பார், "கேஸ்காரன்" என்பார். இடியை வைத்து ஆளைச் சொல்லுவார். தப்பினதில்லை.

என் கல்யாணத்தன்று என் மனைவி வாசலில் வந்து நின்றாள். என்னைவிட மூன்று அங்குலம் உயரம். மற்ற வீடுகளில் மணப்பெண்ணிடம் வலது காலை எடுத்து வைத்து வா என்பார்கள். எங்கள் வீட்டில் அத்தை தலைமையில் சொந்தபந்தம் அத்தனை பேரும் ஒரே குரலில், "தலை! தலை!" என்று கத்தினார்கள். பயந்துபோய் அவள் இடது காலை வைத்துவிட்டாள். (அதன் பலன்களை நான் அனுபவித்துவருகிறேன்.)

அப்பா ஓய்வுபெற்றுவிட்டார். இப்போதும் நாளைக்குப் பத்துத் தடவை குனிந்துதான் வெளியே போய்வருகிறார். நானும் குனிந்துதான் நுழைகிறேன். எனக்குத் தலைக்கு மேலே மூன்று அங்குலம் மிச்சம் இருக்கிறது, குனிய அவசியமே இல்லை. எப்போது பழகினேன் என்று தெரியவில்லை.

போன வாரம் என் மகள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "தாத்தா, அப்பாவுக்குத்தான் இடிக்காதே, அவிய ஏன் குனியுதாக?"

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"குனியட்டும் தாயி. அவன் அளந்த வாசல்தானே" என்றார்.