ஆண்டவர் சேராத பன்மை

ஊரை விட்டு, உறவை விட்டு, கடல் கடந்து போய் ஜனங்களைக் கரையேற்றுகிற மிஷனரிமார் மகான்கள் என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அப்படிப் போனவர்களைத் திரும்ப வரவழைத்து, துடைத்து, காயவைத்து, மறுபடியும் மனிதர்களாக்கி நம்மிடம் ஒப்படைக்கிற 'மறுகுடியமர்வுக் குழு' என்று ஒன்று இருக்கிறதே, அதன் மகத்துவத்தை யாருமே எழுதவில்லை. இது மனிதகுலத்துக்கே பெரிய நஷ்டம்.

குழுவின் பொறுப்பில் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள் ஒரு போதகர், அவர் மனைவி, பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் ஒரு மகள். அவர்களை அனுப்பிவைத்த மிஷனரி சங்கத்தின் தலைமை அலுவலகத்துக்குப் பின்னால், ஜெனரேட்டருக்கும் நாற்காலிக் கிடங்குக்கும் நடுவில் இருந்த அறையில் குழு அவர்களைக் குடிவைத்தது. அறைக்கு 'இளைப்பாறுதல் இல்லம்' என்று பெயர். வேண்டிய சாமான்களை விசுவாசிகளே மனமுவந்து கொடுத்திருந்தார்கள். ஊழியக்காரருக்குக் கொடுப்பது ஆண்டவருக்கே கொடுப்பது அல்லவா? சூடாகாத இஸ்திரிப் பெட்டியையும் கதவு மூடாத பிரிட்ஜையும் வைத்து ஆண்டவர் எப்படியாவது சமாளித்துக்கொள்வார் என்ற விசுவாசம் அவர்களுக்கு இருந்தது.

போதகர் குறை சொல்லவில்லை. அவர் கண்ணெல்லாம் முன்கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. அங்கேதான் 'வெளிநாட்டு ஊழிய ஆலோசகர்' என்ற பதவியும், அதை ஒட்டிய குடியிருப்பும் காலியாக இருந்தன. படுக்கையறை இரண்டு, குழாயைத் திறந்தால் தண்ணீர், ஜன்னலைத் திறந்தால் காற்று. "உங்களத்தான் மனசுல வச்சிருக்கேன்" என்று பொதுச்செயலாளர் சொல்லியிருந்தார். மனசிலிருந்து அந்தப் பெயர் உத்தரவில் இறங்க வேண்டியதுதான் பாக்கி. இறங்காவிட்டால் இளைப்பாறுதல் இல்லத்தையும் காலி செய்ய வேண்டியிருக்கும். போதகருக்குப் பிரசங்கம் தவிர வேறு தொழில் தெரியாது. தலை நரைத்த பிறகு யாரும் கூப்பிட்டு வேலை தரப்போவதும் இல்லை.

வெளிநாட்டில் அவருடைய ஊழியம் 'நிறைவு பெற்ற' விதத்தையும் பக்தியோடு சொல்லிவிட வேண்டும். அங்கே சங்கத்துக்கு ஒரு வளாகம் இருந்தது. ஓர் ஆஸ்பத்திரி, அதைச் சுற்றி அந்த ஜனங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து குடியிருந்த வீடுகள். திடீரென்று தலைமை அலுவலகத்திலிருந்து பொதுச்செயலாளரே போன் செய்தார். கூரை மாற்றப்போகிறோம், ஒரு மாசம் வெளியே தங்குங்கள், திரும்பக் கூப்பிடுகிறோம் என்று ஜனங்களிடம் சொல்லச் சொன்னார். ஏன் என்று போதகர் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

அவர் சொன்னார் என்று சொல்வதும் சரியில்லை. அத்தனை வருஷம் அங்கே குப்பை கொட்டியும், அந்த ஊர் பாஷையில் அவருக்கு 'ஆண்டவர் நல்லவர்', 'என்ன விலை' என்ற இரண்டு வாக்கியங்களுக்கு மேல் ஓடாது. அங்கேயே பிறந்து வளர்ந்த மகள்தான் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் போன கையோடு வளாகம் விலைபோனது. அந்தப் பணம் இங்கே தலைமை அலுவலகத்தின் முகப்பில் கண்ணாடியும் ஏசியுமாக 'மகிமை அரங்கம்' என்று எழும்பிக்கொண்டிருந்தது. இங்கே வந்து அதைப் பார்த்து, அது எந்தப் பணம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் தன் வாயால் என்ன சொல்லவைத்தார்கள் என்று அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. அன்று முதல் அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. போதகர் அதைப் 'பயணக் களைப்பு' என்று எடுத்துக்கொண்டார்.

வந்த வாரமே ஜெபக்கூட்டத்தில் மகளை ஜெபிக்கச் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை ஜெபித்தால் கேட்கக் குளிர்ச்சியாக இருக்கும் என்பது குழுவின் எண்ணம். அவள் எழுந்து நின்று, "ஆண்டவரே, நாம எல்லாரும் பாவிங்க. நாம பெரிய தப்பு பண்ணிட்டோம்" என்று ஆரம்பித்தாள். கூட்டம் திடுக்கிட்டது. கண்ணை மூடியிருந்தவர்கள் திறந்தார்கள். திறந்திருந்தவர்கள் தூக்கம் கலைந்தார்கள்.

மறுநாள் விசாரணை. ஒருபக்கம் பொதுச்செயலாளர், பக்கத்தில் 'திரும்பியோர் நல அலுவலர்' என்ற பதவி வகித்த அம்மையார். எதிரே குடும்பம்.

"பாவிங்க யாரும்மா?" என்றார் பொதுச்செயலாளர்.

"நாம."

"நாமன்னா யார் யாரு?"

"நான், அப்பா, நீங்க, ஆண்டவரு. எல்லாரும்தான்."

"ஆண்டவர எடுத்துரும்மா."

"எடுத்துட்டு?"

"எடுத்துட்டா 'நாங்க' ஆயிடும். அவர்கிட்டயே பேசிட்டு அவரயே பாவி லிஸ்ட்ல சேக்கலாமா? ஏற்கெனவே அவருக்கு எவ்வளவு வேல."

போதகர் வியர்த்துப்போய் விளக்கம் கொடுத்தார். அங்கத்து பாஷையில் 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு சொல் கிடையாது, ஒன்றே ஒன்றுதான், பேசுகிறவரும் கேட்கிறவரும் எல்லாரும் அதற்குள் அடக்கம், பிள்ளை அந்தப் பழக்கத்தில் உளறிவிட்டாள் என்றார். பொதுச்செயலாளர் உச்சுக்கொட்டினார். தங்களுக்கும் அடுத்தவருக்கும் வித்தியாசம் தெரியாத அந்த ஜனங்களை நினைத்து அவருக்கு நெஞ்சு உருகியது. நம் பாஷை பண்பட்ட பாஷை. இதில் யாரைச் சேர்ப்பது, யாரைக் கழற்றிவிடுவது என்பதை வாயைத் திறந்தவுடனேயே முடிவுசெய்துவிடலாம்.

மகிமை அரங்கத் திறப்பு விழாவில் அதே பெண் அதே ஜெபத்தைப் பிழையில்லாமல் செய்து சங்கத்தின் மானத்தை மீட்க வேண்டும் என்று குழு தீர்மானித்தது. அதற்குப் பிறகு ஆலோசகர் பதவியைப் பற்றிப் பேசலாம் என்று பொதுச்செயலாளர் எழுந்துகொண்டே சொன்னார்.

அம்மையார் தினமும் வந்து பயிற்சி கொடுத்தார். கேட்கிறவரைச் சேர்த்தால் 'நாம', ஒதுக்கினால் 'நாங்க'. வாசல் கூட்டும் வேலையாளிடம் சம்பள உயர்வு பற்றிப் பேசினால் 'நாங்க', தியாகம் பற்றிப் பேசினால் 'நாம'. இப்படி உதாரணத்தோடு சொன்னதால் பெண் சுலபமாகப் பிடித்துக்கொண்டாள். அம்மையார் போன பிறகு, விட்ட இடத்திலிருந்து போதகர் தொடர்ந்தார். ஒரு சாயங்காலம் அவள் அப்பாவை நேராகப் பார்த்தாள். பல வாரத்துக்குப் பிறகு முதல் தடவை.

"அப்பா, அந்த இடத்த வித்தது நாமளா, நாங்களா?"

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அதையெல்லாம் 'விற்கப்பட்டது'ன்னு சொல்லணும்மா. அப்படிச் சொன்னா நாம, நாங்க எதுவுமே வராது."

இஸ்திரிப் பெட்டி சூடாகக் காத்திருந்த மனைவி அதைக் கீழே வைத்தாள். "ஏங்க, இத்தன வருஷமா அந்த ஜனங்களோட ஒரு வார்த்த பேசக் கத்துக்கல. அவங்க வீடு போனதும் நல்லா இலக்கணம் வருது உங்களுக்கு" என்றாள். அவளை அடக்கும் வசனம் ஒன்று போதகருக்குத் தெரியும். அன்று அது வாயில் வரவில்லை. இரண்டாம் மாடி இவர்களுக்கும் சேர்த்துத்தானே என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு வாடகை யார் கொடுப்பது?

திறப்பு விழா கோலாகலமாக நடந்தது. நன்கொடையாளர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஏசியின் குளிரில் பக்தி இன்னும் கொஞ்சம் விறைப்பாகத் தெரிந்தது. பொதுச்செயலாளர் பேசினார். "தூர தேசத்து ஜனங்களுக்கு நாம் வெளிச்சம் கொடுத்தோம். நாம் அவர்களுக்கு எல்லாவற்றையும் கொடுத்தோம்" என்று அவர் சொல்லச் சொல்லக் கைதட்டல் எழுந்தது. எத்தனை 'நாம்'! ஒரு பைசா கொடுக்காதவரும் தன்னைச் சேர்த்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு பெண்ணைக் கூப்பிட்டார்கள். எல்லாரும் கண்ணை மூடினார்கள். முதல் வரிசையில், பொதுச்செயலாளருக்குப் பக்கத்து நாற்காலியில், போதகரும் மூடினார்.

"ஆண்டவரே, நாங்க பாவிங்க."

அம்மையாரின் முகம் மலர்ந்தது. முதல் சொல்லே சுத்தம்.

"கூரை மாத்தறோம்னு நாங்க பொய் சொன்னோம். என்ன நம்பித்தான் அவங்க வெளிய போனாங்க. அவங்க இருந்த இடத்த நாங்க வித்துட்டோம். அந்தக் காசுலதான் இந்த அரங்கத்த நாங்க கட்டியிருக்கோம். அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியாது. நாங்க தேடவும் இல்ல. இதுல நீங்க சேரல, ஆண்டவரே. அதனாலதான் 'நாங்க'ன்னு சொல்றேன். ஆமென்."

"ஆமென்" என்றது அரங்கம் முழுக்க, ஒரே குரலில். ஜெபம் முடிந்தால் 'அப்படியே' என்று ஒத்துக்கொள்வது விசுவாசிகளின் பழக்கம். என்ன சொன்னார்கள் என்று கேட்டுவிட்டு ஒத்துக்கொள்வது பழக்கம் இல்லை. போதகரும் ஆமென் என்றார். அவர் மட்டும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

அர்த்தம் கொஞ்சம் தாமதமாக ஒவ்வொரு வரிசையாக இறங்கியது. முன்வரிசைக்காரர்கள் கண்களைத் திறந்து ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மேடையில் பெண் அழுதுகொண்டு நின்றாள். அவள் அம்மா போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். பொதுச்செயலாளருக்குக் கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. ஆண்டவரைப் பாவிகளோடு சேர்த்தபோது இவ்வளவு சங்கடமாக இல்லையே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் போதகர் பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"யாருய்யா இவளுக்கு இப்படியெல்லாம் பேசச் சொல்லிக் குடுத்தது?"

போதகர் மனைவியையும் மகளையும் பார்த்தார். இரண்டாம் மாடி அப்போதும் ஞாபகத்துக்கு வந்தது, வந்துவிட்டுப் போனது.

"நாமதான், ஐயா" என்றார்.

கேட்டவரையும் சேர்த்துத்தான் சொன்னார். தாய்மொழியில் போதகருக்கு எந்நாளும் பிழை வந்ததில்லை.