அப்பா அறுவடை செய்த என் ஆராய்ச்சி

தங்கள் ஆராய்ச்சி என்னவென்று வீட்டில் புரியும்படி சொல்லத் தெரியாதவர்களுக்கு டாக்டர் பட்டம் கொடுக்கக் கூடாது. அப்படியொரு விதி இருந்திருந்தால் நான் இன்னும் வெறும் மாலதியாகவே இருந்திருப்பேன்.

என் ஆராய்ச்சி காற்றைப் பற்றியது. ஒழுங்காக வரும் காற்று, பயிர், புதர், வெற்றுத் தரை என்று சொரசொரப்பு மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் நுழைந்ததும் தடுமாறிச் சுழலத் தொடங்கும். அந்தக் கொந்தளிப்பைக் கணினியில் முன்கூட்டியே கணக்கிடும் வேலையில் சென்னையில் உட்கார்ந்திருந்தேன். (ஏசி அறை. ஜன்னலைத் திறக்கவே முடியாது.) கணக்கு சரியா என்று பார்க்க நிஜக் காற்று வேண்டுமே. அதற்கு, பூதலூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் வயலைப் போன்ற இடம் உலகத்திலேயே இல்லை என்று அறிக்கையில் எழுதியிருந்தேன். ஒரு பக்கம் இடுப்புயரச் சம்பா, பக்கத்தில் தரிசு, வாய்க்கால் கரையில் சீமைக்கருவேலம். நடுவில், காற்றின் வேகத்தை அளக்கச் சுழலும் கிண்ணங்களோடு ஒரு கம்பம்.

இடத்தை நேரில் பார்க்கப் பேராசிரியர்கள் இருவர் வருவதாக முடிவாயிற்று. அவர்கள் சரி என்றால் அந்த வருடமே பட்டம். அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"நம்ம வயல்ல சொரசொரப்பு எங்கெங்க எவ்வளவு இருக்குன்னு பாக்க வர்றாங்கப்பா. அதை வச்சுத்தான் எனக்குப் பட்டம்."

"நீ கவலைப்படாம வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா. நானும் கவலைப்படாமல் தூங்கினேன்.

மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன நடக்கும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். சாலையோரம் பிளீச்சிங் பவுடரால் கோடு போடுவார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். வந்தவர் எதைப் பார்க்க வந்தாரோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போவார்.

தஞ்சாவூர் ஸ்டேஷனிலிருந்து கார் வரும் வழியெல்லாம் சொரசொரப்பின் மகிமையைப் பேராசிரியர்களுக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். கார் நின்றதும் வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. முற்றியிருந்த சம்பாவை மெஷின் வைத்து முந்தின நாளே அறுத்துவிட்டார் அப்பா. கருவேலத்தை ஜேசிபி வேரோடு பிடுங்கியிருந்தது. தரிசை டிராக்டர் சமப்படுத்தியிருந்தது. வரப்பு முழுக்க வெள்ளைக் கோடு. கம்பத்துக்குப் புதிதாக சில்வர் பெயின்ட் அடித்து, சுழலும் கிண்ணங்களைச் சேர்த்துக் கட்டி சம்பங்கி மாலை போட்டிருந்தார்கள். நல்ல காற்று. வரவேற்க நின்ற சித்தப்பாவின் வேட்டி படபடத்தது, விருந்துக்குப் போட்ட ஷாமியானா படபடத்தது. கருவி மட்டும் மாலையோடு அசையாமல் நின்றது.

மூத்த பேராசிரியர் நாலு பக்கமும் பார்த்தார். "அந்தச் சொரசொரப்பு எங்கம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முன்னால் வந்தார்.

"இனிமே எங்க தேடினாலும் கிடைக்காதுங்க சார்."

பேராசிரியர் கம்பத்தில் கையை ஊன்றினார். (பெயின்ட் காயவில்லை.) இளையவர் ஏதோ எழுதிக்கொண்டார். மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு இருவரும் காரில் ஏறினார்கள். அடுத்த சம்பா வளரட்டும், அளந்துவிட்டுச் சொல் என்றார்கள். அதாவது, இன்னும் ஒரு வருடம்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மொட்டை வயலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கருவேலத்தை வேணா திரும்ப நட்டுடட்டுமா?" என்றார்.

தமிழ்நாட்டில் அப்படிக் கேட்ட முதல் விவசாயி அவராகத்தான் இருப்பார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். கருவேலம் யாரும் நடாமலே ஆடிக்குள் தழைத்துவிட்டது. அதை வெட்ட வந்தவர்களையெல்லாம் அப்பா விரட்டியடித்தார். பட்டம் ஒரு வருடம் தாமதமாக வந்தது.

இப்போது என் கணவர் முகத்தில் சோப்பு நுரையோடு ஊருக்குப் போன் போடுவார். "மாமா, பாதி ஷேவ் பண்ணிட்டேன். மீதிச் சொரசொரப்பை எடுக்கலாமா, இல்ல உங்க பொண்ணு அளக்கணுமா?"

அப்பா சிரிக்காமல் சொல்வார்: "ஒரு வார்த்தை கேட்டுட்டே எடுங்க மாப்ள. நான் கேக்காமத்தான் எடுத்தேன்."