மிளகைக் கேட்டு வந்தவர்

அமீர் பாஷா வண்டியோடு வந்து இறங்கிவிட்டார். கழுதையைக் கொடுக்காமல் அவரை எப்படித் திருப்பி அனுப்புவது என்றுதான் ஜொஹ்ராவுக்குப் புரியவில்லை.

மலைமேல் தேவனூர் நாட்டில் அவள் நடத்திய விலங்குக் காப்பகத்தில், கேட்டு வருபவர் நல்லவரென்றால் பிராணியைக் கொடுத்துவிட வேண்டும். இவரோ அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் தோப்பு வைத்திருக்கும் தங்கமான மனிதர். ஆனால் அந்த ஆபீசில் ஒருத்தர் முகம் வாடினால் மற்றவர்களுக்கு டீ இறங்காது. மிளகு என்ற அந்தக் கிழட்டுக் கழுதையைப் பராமரித்த காளியண்ணன் அன்று டம்ளரைத் தொடவில்லை. எல்லார் டீயிலும் ஏடு படிந்துவிட்டது. பிரிவைப் பார்க்க வேண்டாமென்று ஜொஹ்ரா அவரைப் புல்லறுக்க அனுப்பியிருந்தாள்.

"உதைக்குமுங்க, பாய்" என்றாள் ஜொஹ்ரா.

மிளகு வந்து பாஷாவின் தோளில் தாடையை வைத்துக் கண்ணை மூடியது.

"உதைக்கறதுக்கு முன்னால இப்படித்தானுங்க கொஞ்சும்" என்றாள் கணக்கெழுதும் கலைச்செல்வி.

ஜீப் ஓட்டும் செங்கோடன் வேட்டியை மடித்துக் கெண்டைக்காலைக் காட்டினான். "உதைச்ச தழும்பு பாருங்க."

அது பைக் சைலன்சரில் சுட்டுக்கொண்டது. யார் கல்யாணத்துக்குப் போன அன்று என்பதுகூட ஊருக்குத் தெரியும்.

"ராத்திரியெல்லாம் கத்துமுங்க" என்றாள் ஜொஹ்ரா.

"எனக்குக் காது மந்தம்தானே, கண்ணு."

"மூட்டை தூக்காதுங்க."

"தூக்கச் சொல்லி நான் கேக்கலியே." பாஷா கழுதையின் நெற்றியைத் தடவினார். "இத்தனை குறையிருந்தா இதை வேற யாரு கேட்டு வரப் போறாங்க? இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

செங்கோடன் வேட்டியை இறக்கிவிட்டான். ஜொஹ்ரா கைகூப்பினாள்.

"அத்தனையும் பொய்யிங்க, பாய். எங்க காளியண்ணனுக்கு இதுதான் உசுரு. இது போயிட்டா அவரு ஒடைஞ்சு போயிருவாரு. உங்க கால்ல வேணாலும் விழறோம், வுட்டுட்டுப் போங்க."

பாஷா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, மலைக் குளிரு இதோட காலுக்கு ஆகலை, ராவெல்லாம் முனகுது, கீழே கூட்டிட்டுப் போங்கன்னு என் தோப்புக்கு வந்து கேட்டதே அந்தக் காளியண்ணந்தானே. 'ஆபீசுல மட்டும் சொல்லிறாதீங்க, என் மனசு நோகும்னு அவிங்க கழுதையக் குடுக்க மாட்டாங்க'ன்னாரு."