பெட்டிக்குள் இரண்டு ராஜ்யம்

திருச்சானூர்ச் சத்திரத்து வாசலில் ஐந்து நாளாகக் கூட்டம். அணுவானந்தர் வந்திருந்தார். பி.எஸ்ஸி. பெயிலானவர்; மீதியை இமயமலையில் படித்தாராம்.

தொழில் எளிது. ஒரு மரப்பெட்டி, இரண்டு செப்பு வில்லைகள். ஒன்றில் 'மதராஸ்', மற்றதில் 'ஆந்திரா'. துணி மறைவில் ஒன்று பெட்டிக்குள் போகும், மற்றது அவர் மடிக்குப் போகும் என்பார். பெட்டியில் எந்த ராஜ்யம் வருகிறதோ ஊர் அதில் சேருமாம்; காணிக்கை ஒரு கறவை மாடு.

"திறக்கிற வரை உள்ளே எதுவும் நிச்சயமில்லை. வெறும் வாய்ப்புதான்! என் பார்வை பட்டால்தான் நிஜமாகும். மேல்நாட்டு சயன்ஸே ஒத்துக்கிட்டது."

அணுவைப் பற்றி மேல்நாட்டில் இரண்டு கட்சி உண்டு. பார்ப்பதற்கு முன்பும் பொருள் ஒரு நிலையில்தான் இருக்கிறது என்பது ஒன்று. பார்க்கும்வரை வாய்ப்பு மட்டுமே என்பது மற்றது. இரண்டு கட்சியிலும் எவரும் கறவை மாடு கேட்டதில்லை.

மதராஸுக்கும் ஆந்திராவுக்கும் எல்லை பிரிக்கும் காலம். நகரிப் பக்கத்துத் தணிகாசலத்துக்கு ஊர் மதராஸோடு சேரவேண்டும். மகள் படிக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடம் நிலைக்கவேண்டும். சித்தூரில் எல்லை அதிகாரி மனு வாங்குவது அன்றோடு முடிகிறது. ஊரார் கைநாட்டு வைத்த மனு தணிகாசலத்தின் பையில் இருந்தது. கையில் மாட்டுக் கயிறு.

சாமி பெட்டியைத் திறந்தார். மதராஸ்! கூட்டம் கோவிந்தா போட்டது.

"மாட்டைக் கட்டு. மனுவைக் கிழி. அதிகாரி கண் பட்டால் நான் நிஜமாக்கினது கலைஞ்சுடும்."

தணிகாசலம் மனுவை எடுத்தார்.

"இரு அண்ணா," என்றாள் அவர் தங்கை சுந்தரி. கோயில் வாசலில் தேங்காய் விற்பவள். ஒவ்வொரு காயையும் காதருகே குலுக்கிப் பார்த்துத்தான் கொடுப்பாள். "சாமி, வில்லைய எடுத்துட்டீங்க. இப்போ பொட்டி காலிதானே?"

"சுத்தமாகக் காலி."

"இப்பிடிக் குடுங்க."

"ஸ்திரீகள் தொடக்கூடாது!"

"மாட்டுல பால் கறக்கறதும் பொம்பளைதான். அது மட்டும் வேணுமா?"

பிடுங்கிக் குலுக்கினாள். காலிப் பெட்டி லொடலொடவென்றது.

"தண்ணி இல்லாத காய் பேசாது சாமி."

கவிழ்த்தாள். அடிப்பக்கமும் ஒரு மூடி! இழுத்ததும் 'ஆந்திரா' தரையில் விழுந்தது. மதராஸ் கேட்டவனுக்கு இந்தப் பக்கம், ஆந்திரா கேட்டவனுக்கு அந்தப் பக்கம்.

"இன்னா சாமி, இது உன் மடியிலதானே இருந்துச்சு?"

"அதுதானம்மா அணு! ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில்..."

"அப்போ மடிய அவுரு. அங்கயும் இருக்கணும்."

மடியில் வெற்றிலை இருந்தது.

சாமி சொன்னதில் ஒன்று மெய். பெட்டிக்குள் இரண்டும் இருந்தன.

மாட்டைத் தங்கையிடம் விட்டுவிட்டுத் தணிகாசலம் சித்தூர் பஸ் ஏறினார். அதிகாரி என்ன எழுதுவார்? தெரியாது. அது வாய்ப்பு. ஆனால் கொடுக்காத மனுவுக்கு அதுவும் கிடையாது.

நாலணாத் தேங்காயை நாலு முறை குலுக்கி வாங்குகிறவர்களே, சாமியாரையும் ஒருமுறை குலுக்கிப் பாருங்கள்.