கரம்பொன் கடல்முகப்பின் பொறுப்பாளர்

பொது இடங்களை யார் பராமரிப்பது என்று பெரிய நகரங்கள் எல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, அந்தப் பிரச்சினையை ஒரே மாரிகாலத்தில் தீர்த்துவைத்த பெருமை எங்கள் தீவுக்கு உண்டு. தீர்த்த குழுவில் நானும் இருந்தேன் என்பதால் அடக்கமாகவே சொல்கிறேன்: உலகம் எங்களிடம் வந்து படிக்கலாம்.

கரம்பொன் கடல்முகப்பு முன்பு வெறும் கரை. வள்ளங்கள் நின்றன, வலைகள் காய்ந்தன. ‘அபிவிருத்தி’ வந்தபிறகு கல் பதித்த நடைபாதை, கம்பிவேலி, விளக்குகள், வாங்குகள் எல்லாம் வந்தன. ஒவ்வொன்றிலும் உபயகாரரின் பெயர்; உட்காரும் வாங்குகளில் அவருடைய காலமான பெற்றோரின் படமும். கோயில் மணியில் பெயர் பொறிக்கிற எங்கள் வழக்கத்தைக் கடற்கரை வரைக்கும் கொண்டுவந்திருந்தோம். வாங்கில் சாய்ந்தால் முதுகு ஒரு அமரரின் முகத்தில் படும். ஆகவே பண்பானவர்கள் நின்றபடியே கடல் பார்க்கிறார்கள். குப்பைத் தொட்டியில் மட்டும் தன் தகப்பனின் பெயரைப் போட ஒருவரும் முன்வரவில்லை. ஆகவே குப்பைத் தொட்டி இல்லை.

மாரி தொடங்கியதும் நடைபாதையின் நடுவே மழைநீர் ஓடும் கானை மூடியிருந்த கொங்கிறீற் மூடி உடைந்தது. உடைந்த இடம் சிவயோகம் அம்மாவின் தேத்தண்ணிக் கடை வாசல். அவருடைய வீட்டு உலை அந்தக் கடையை நம்பித்தான் கொதிக்கிறது. வாடிக்கையாளர்கள் சிலர் விழுந்தார்கள். மற்றவர்கள் சந்திக் கடைக்குப் போகத் தொடங்கினார்கள்.

கடல்முகப்புக் குழு உடனே கூடியது. தலைவர் வாமதேவன், ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகத்தர். நடைபாதைக்குரிய அலுவலகத்திலிருந்து பரராசசிங்கம் வந்திருந்தார்.

“மூடி உடைஞ்சது உண்மைதான்,” என்றார் பரராசசிங்கம். “ஆனா நாங்கள் நடைபாதைக்குத்தான் பொறுப்பு. மூடி இருந்தாத்தான் அது நடைபாதை. இப்ப அது கான்.”

கானுக்குரிய அலுவலகத்தவர் எழுந்தார். “தண்ணி ஓடினாத்தான் கான். அதுக்குள்ள இப்ப குப்பையெல்லோ கிடக்கு.”

குப்பைக்குரியவர் விடுமுறையில் இருந்தார்.

புது உபயகாரர் ஒருவரைப் பிடிப்பது என்று முடிவானது. கம்பிவேலியைத் தந்த ரொறன்ரோ கிருபானந்தனைத் தொலைபேசித் திரையில் அழைத்தோம்.

“புது மூடியே? போடலாம். பேர் எங்கை வரும்?”

“மூடிக்கு மேலை,” என்றார் வாமதேவன்.

“சனம் மிதிக்குமே.”

“மிதிக்கத்தானே தம்பி மூடி.”

“அம்மான்ரை பேரை ஊர்ச்சனம் மிதிக்கிறதுக்கு நான் காசு தரவோ, அண்ணை?”

சபை வெட்கித் தலைகுனிந்தது. ‘மூடி விடயம் ஆழமாக ஆராயப்படும்’ என்று தீர்மானித்துக் கலைந்தோம்.

அடுத்த நாள் காலை அந்த அசம்பாவிதம் நடந்தது. சிவயோகம் தானே சீமெந்து குழைத்து, கம்பி வைத்து, புது மூடி ஒன்று வார்த்து ஓட்டையை அடைத்துவிட்டார். காய்ந்ததும் சனம் அதன்மேல் நடந்து போய்த் தேத்தண்ணி குடித்தது. எந்த அனுமதியும் இல்லாமல்.

குழு அவசரமாகக் கூடி அவரை அழைத்தது.

“ஆரைக் கேட்டு அடைச்சனீர்?” என்றார் வாமதேவன்.

“ஒருத்தரையும் கேக்கேல்லை, அண்ணை. ஆக்கள் விழுகினம்.”

“விழுந்தவை எழுத்திலை முறைப்பாடு தந்தவையோ?”

“இல்லை.”

“அப்ப ஒருத்தரும் விழேல்லை.”

“நீங்களும் விழுந்தனீங்கள், அண்ணை. நான்தானே தூக்கிவிட்டனான்.”

“அது என்ரை சொந்த விசயம்.”

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருந்தது. மூடியில் பெயர் இல்லை. பெயரில்லாமல் ஒரு வேலை நடந்துவிட்டால், நாளைக்கு வேலை நடக்கப் பெயரே தேவையில்லை என்று சனம் நினைத்துவிடும். இந்த ஆபத்திலிருந்து ஊரைக் காப்பாற்றியவர் பரராசசிங்கம்.

“இவவின்ரை பேரிலை ஒரு பலகை வைப்பம். ‘கடல்முகப்புப் பராமரிப்புப் பொறுப்பு: திருமதி சிவயோகம்.’ ஒரு கௌரவம்தானே.”

“எனக்கு அந்தக் கௌரவம் வேண்டாம், ஐயா. தேத்தண்ணி குடிக்க ஆக்கள் வந்தாக் காணும்.”

அதை அவருடைய அடக்கம் என்று குறித்துக்கொண்டோம்.

திறப்புவிழா சிறப்பாக நடந்தது. கருங்கல் பலகையில் பொன்னெழுத்து, குத்துவிளக்கு, மாலை. படம் எடுப்பவர் இன்னும் கொஞ்சம் பின்னால் போகச் சொன்னார். வாமதேவன் மாலையோடு கம்பிவேலியில் சாய்ந்தார். வந்த நாள் முதல் உப்புக்காற்றில் துருவேறி, ஒரு பூச்சும் காணாத கம்பி அது. வேலியும் தலைவரும் சேர்ந்தே கடலுக்குள் போனார்கள். தண்ணீர் இடுப்பளவுதான். ஆனாலும் அவருடைய மணிக்கட்டு முறிந்தது.

அன்று பின்னேரமே விசாரணை. கிருபானந்தன் திரையில் தோன்றி, அன்பளிப்புக்குப் பொறுப்புக் கேட்பது தமிழ்ப் பண்பாடு அல்ல என்றார். வேலி கடலுக்குள் கிடப்பதால் அது தங்களுடைய எல்லைக்குள் இல்லை என்றார் பரராசசிங்கம். கடலுக்குரிய அலுவலகம், தாங்கள் மீனுக்கு மட்டும்தான் என்றது. முகப்பு முழுவதும் தேடியதில், ‘பொறுப்பு’ என்ற சொல் எழுதியிருந்த பலகை ஒன்றே ஒன்றுதான்.

விசாரணை முடியும்வரை கடையைப் பூட்டப் போனோம். சிவயோகம் அடுப்பிலிருந்து கேத்திலை இறக்கிவிட்டு வெளியே வந்தார்.

“நான் அந்தக் கம்பியைத் தொட்டதே இல்லையே, ஐயா.”

“அதுதானம்மா குற்றச்சாட்டு,” என்றார் பரராசசிங்கம்.

வாமதேவன் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி, மற்றக் கையால் பூட்டைப் போட்டார். அப்படி ஒரு கடமையுணர்ச்சி.

ஏன் சிவயோகம் என்று சில குழப்பவாதிகள் இன்றும் கேட்கிறார்கள். காரணம் மிக எளிது. உபயகாரர் கனடாவில் இருக்கிறார். அலுவலகங்கள் எல்லாம் தீவை இணைக்கிற பாலத்துக்கு அந்தப் பக்கம். கடல்முகப்போடு சம்பந்தப்பட்ட இத்தனை பேரில், நாங்கள் நடந்துபோய்ப் பிடிக்கக்கூடிய தூரத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.